உடம்பே எமன் ஆனது!

2021-ம் ஆண்டு டிசம்பர் மாதம் 2-ந் தேதி.

அமெரிக்காவின் தென்கிழக்குக் கரையில் ஜார்ஜியா என்று ஒரு மாநிலம் இருக்கிறது. அந்தக் கரையை ஒட்டிய கடலுக்கு மேலே ஒரு சிறு விமானம் வட்டமிட்டது. அதில் இருந்தவர்கள் திமிங்கிலங்களைக் கணக்கெடுப்பவர்கள்.

கீழே ஒரு தாய்த் திமிங்கிலம் தெரிந்தது. அதன் விலாவை ஒட்டினாற்போல் ஒரு குட்டி. பச்சைக் குட்டி.

இந்த இனத்தில் ஒரு குட்டி பிறந்தாலே அங்கே திருவிழாதான். ஆனால் அன்று யாருக்கும் முழு மகிழ்ச்சி வரவில்லை. தாயின் வாயில் இருந்து கயிறு தொங்கிக்கொண்டு இருந்தது!

அது அன்று மாட்டிய கயிறு அல்ல. அதே ஆண்டு மார்ச் மாதமே அது கயிற்றில் சிக்கியிருந்தது. மீட்புக் குழுவினர் படகில் போய், முடிந்த அளவுக்கு அறுத்து எறிந்தார்கள். எல்லாவற்றையும் அறுக்க முடியவில்லை.

வாயில் கயிறு. வயிற்றில் கரு. இந்த நிலையில் அந்தத் தாய் வடக்கே கனடாக் கடல் வரை போயிற்று. பிறகு பேறுகாலத்துக்காக ஆயிரம் மைலுக்கு மேல் நீந்தித் தெற்கே வந்தது. குட்டியும் போட்டுவிட்டது.

அந்தத் தாயின் பெயர் ஸ்னோ கோன். நம் ஊர்களில் பனிக்கட்டியைச் சீவி, கலர் ஊற்றி விற்பார்களே, அதைப்போல அங்கே கூம்பில் வைத்து விற்கும் தின்பண்டத்துக்கு அந்தப் பெயர். தலையில் இருந்த வெள்ளைத் திட்டு அந்த வடிவத்தில் தெரிந்ததால், இப்படிப் பெயர் வைத்தார்கள்.

ஸ்னோ கோனுக்கு இது முதல் குட்டி அல்ல. இதற்கு முன் ஒரு குட்டி இருந்தது. 2020-ம் ஆண்டு ஜூன் மாதம், நியூ ஜெர்சி கரைக்கு அப்பால் அதன் உடல் மிதந்தது. கப்பல் அடித்து, உடம்பெல்லாம் வெட்டுக்காயம்.

மூத்த குட்டியைக் கப்பல் கொன்றது. தாயைக் கயிறு பிடித்தது.

கப்பல்காரருக்கு அதன்மேல் பகை இல்லை. மீனவருக்கும் இல்லை. யாரும் ஈட்டி எறியவில்லை. அப்படி இருக்க, ஒரே குடும்பத்தில் ஏன் இத்தனை துன்பம்?

அதற்கு விடை அந்தத் திமிங்கிலத்தின் உடம்பிலேயே இருக்கிறது.

"சரியான" திமிங்கிலம்

ஆங்கிலத்தில் இதை "ரைட் வேல்" என்பார்கள். "சரியான திமிங்கிலம்" என்று பொருள். எதற்குச் சரியானது? கொல்வதற்கு!

பழைய காலத்து வேட்டைக்காரர்கள் வைத்த பெயர் என்று சொல்லுகிறார்கள். மற்ற திமிங்கிலங்கள் வேகமாக ஓடிவிடும். இது மெதுவாகப் போகும். மற்றவை நடுக்கடலில் இருக்கும். இது கரையோரமாக வரும். மற்றவற்றில் பல, கொன்றதும் மூழ்கிப்போகும். இது செத்த பிறகும் மிதக்கும். கயிறு கட்டிக் கரைக்கு இழுத்து வரலாம். உருக்கினால் பீப்பாய் பீப்பாயாக எண்ணெய்!

ஐரோப்பாவில் பாஸ்கு மக்கள் சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இதை வேட்டையாடத் தொடங்கினார்கள். 1890-ம் ஆண்டு வாக்கில் வட அட்லாண்டிக் கடலில் இந்த இனம் ஏறக்குறைய அழிந்தேவிட்டது. 1935-ம் ஆண்டு முதல் இதை வேட்டையாடக் கூடாது என்று உலக நாடுகள் தடை போட்டன.

ஈட்டி போய்விட்டது. ஆனால் அந்த உடம்பு மாறவில்லையே! வேட்டைக்காரனுக்கு எந்தெந்தக் குணங்கள் "சரி"யாக இருந்தனவோ, அதே குணங்கள்தான் இன்றும் அதன் உயிரைக் கேட்கின்றன.

பத்து யானை எடை

வளர்ந்த ரைட் திமிங்கிலத்தின் நீளம் சுமார் 50 அடி. எடை 50 டன்னுக்கு மேலும் இருக்கும். பெரிய ஆண் யானைகள் பத்தைத் தராசின் மறு தட்டில் நிறுத்தவேண்டும்!

அந்த எடையில் ஒரு பெரிய பங்கு கொழுப்பு. தோலுக்கு அடியில் ஓர் அடி கனத்துக்குக்கூட இருக்கும். குளிர்ந்த கடலில் அதுதான் கம்பளி. பஞ்ச காலத்தில் அதுதான் களஞ்சியம். குளிர்காலத்தில் தாய் தெற்கே வந்து குட்டி போடும்போது, அங்கே அதற்கு இரை கிடையாது. மாதக்கணக்கில் பட்டினி கிடந்து, அந்தக் கொழுப்பைக் கரைத்தே பால் கொடுக்கிறது.

கொழுப்பு தண்ணீரைவிட இலேசானது. ஆகவே இந்தத் திமிங்கிலம் உயிரோடு இருக்கும்போதும் மேலே மிதக்கவே பார்க்கும். ஆழத்துக்குப் போகத்தான் அது வாலை அடித்து உழைக்கவேண்டும். மேலே வருவதற்கு உழைப்பு வேண்டாம். வாலை அசைக்காமல், தண்ணீரில் அமுக்கிய தேங்காய் மேலே வருவதைப்போல வந்துவிடும்.

இயற்கை செய்து வைத்த நல்ல ஏற்பாடுதான். ஆனால் அப்படி மிதந்து வரும் நேரத்தில், தலைக்கு மேலே ஒரு கப்பல் குறுக்கே வந்தால்? சட்டென்று திரும்ப முடியாது.

திமிங்கிலம் மீன் அல்ல. அதற்குச் செவுள் இல்லை. நம்மைப்போல் நுரையீரலால் மூச்சு விடும் பிராணி. எத்தனை ஆபத்து இருந்தாலும் மூச்சுக்காக மேலே வந்தே தீரவேண்டும். பச்சைக் குட்டிக்கு நெடுநேரம் மூச்சடக்கத் தெரியாது. அதனால் தாயும் குட்டியும் பெரும்பாலும் தண்ணீரின் மேல்மட்டத்திலேயே கிடக்கின்றன.

கப்பல்காரராவது பார்த்து ஒதுங்கலாமே என்று கேட்கலாம். அதற்கும் வழி இல்லை. மற்றத் திமிங்கிலங்களில் பலவற்றுக்கு முதுகில் துடுப்பு உண்டு. அது தண்ணீருக்கு மேலே தெரியும். இதற்கு முதுகுத் துடுப்பே கிடையாது! கரிய முதுகு. கரிய நீர். பெரிய சரக்குக் கப்பலின் மேல்தளத்தில் இருந்து பார்ப்பவருக்கு அலை எது, திமிங்கிலம் எது என்று தெரியாது. தெரிந்தாலும் அவ்வளவு பெரிய கப்பலை நினைத்த இடத்தில் நிறுத்த முடியாது.

திறந்த வாய்

இத்தனை பெரிய உடம்புக்கு இரை என்ன தெரியுமா? அரிசி மணி அளவுள்ள பூச்சி! இறால் குலத்தைச் சேர்ந்த சிற்றுயிர். அதை ஒவ்வொன்றாகப் பிடிக்க முடியுமா? ஆகவே இயற்கை அதற்கு ஒரு சல்லடையைக் கொடுத்திருக்கிறது.

இந்தத் திமிங்கிலத்துக்குப் பல் இல்லை. மேல் தாடையின் இரு பக்கமும் வரிசையாகத் தகடுகள் தொங்கும். நம் நகம் எந்தப் பொருளால் ஆனதோ, அதே பொருள். ஒவ்வொரு பக்கத்திலும் 200-க்கு மேல். நீளமானவை 8 அடி வரை இருக்கும். வாயைத் திறந்தபடியே அது மணிக்கணக்கில் மெதுவாக நீந்தும். தண்ணீர் ஒரு பக்கம் புகுந்து, தகடுகளின் வழியே வெளியேறும். பூச்சிகள் உள்ளே தங்கிவிடும். இப்படி ஒரு நாளைக்கு ஒரு டன் அளவுக்குத் தின்னும்.

அது வாய் திறந்து மேயும் கடலில்தான் சிங்கி இறால் பிடிக்கிறார்கள், நண்டும் பிடிக்கிறார்கள்.

அங்கே சிங்கி இறாலுக்கு வலை போடுவது இல்லை. கூண்டு வைக்கிறார்கள். கூண்டு கடலின் அடியில் கிடக்கும். அது எங்கே இருக்கிறது என்று அடையாளம் தெரியவேண்டும் அல்லவா? அதற்காகக் கூண்டில் இருந்து ஒரு கயிறு மேலே வந்து, ஒரு மிதவையில் முடியும். அமெரிக்காவின் வடகிழக்குக் கரையிலும் கனடாவின் கிழக்குக் கரையிலும் இப்படி எண்ணிலடங்காத கயிறுகள் கடலில் செங்குத்தாக நிற்கின்றன. தண்ணீருக்குள் ஒரு கயிற்றுக் காடு!

திறந்த வாயோடு வரும் திமிங்கிலத்தின் வாய்க்குள் கயிறு போகிறது. தகடுகளுக்கு இடையே மாட்டுகிறது. திமிங்கிலம் மிரண்டு புரளுகிறது. புரளப் புரளக் கயிறு மார்புத் துடுப்பைச் சுற்றுகிறது. வாலைச் சுற்றுகிறது. கூண்டும் சேர்ந்தே வருகிறது.

மற்றப் பிராணி என்றால் பின்வாங்கி ஓடும். 50 டன் உடம்புக்குப் பின்வாங்கத் தெரியாது. இழுத்துப் பார்க்கும். அந்தக் காலத்துக் கயிறாக இருந்தால் அறுந்தும் போகும். 1990-ம் ஆண்டுகளில் இருந்து வரும் புதுக் கயிறுகள் மிகவும் உறுதியானவை. மீனவருக்கு அது நன்மை. திமிங்கிலத்துக்கு அதுவே தூக்குக் கயிறு.

உயிரோடு இருக்கும் ரைட் திமிங்கிலங்களில் நூற்றுக்கு 85-க்கு மேல், ஒருமுறையாவது கயிற்றில் சிக்கிய தழும்பு உள்ளவை. சில திமிங்கிலங்கள் ஐந்து ஆறு தடவைகூடச் சிக்கியிருக்கின்றன.

சிக்கியது உடனே சாவது இல்லை. அதுதான் கொடுமை! கயிறு சதையை அறுத்துக்கொண்டே போகும். மாதக்கணக்கில் இழுபடும். வண்டி மாட்டின் பின்னால் யாரோ எப்போதும் வண்டியைப் பிடித்து இழுத்தால் எப்படி இருக்கும்? அப்படி, நீந்தும் ஒவ்வொரு அடிக்கும் கூடுதல் உழைப்பு. பாலுக்காகச் சேர்த்து வைத்த கொழுப்பு, கயிற்றை இழுப்பதிலேயே கரைந்துபோகிறது.

இதன் விளைவு உடம்பிலும் தெரிகிறது. விமானத்தில் இருந்து படம் எடுத்து அளந்து பார்த்தார்கள். 1980-ம் ஆண்டு வாக்கில் பிறந்தவை வளர்ந்த அளவுக்கு இப்போது பிறப்பவை வளருவது இல்லை. சுமார் மூன்று அடி குறைகிறது! 2021-ம் ஆண்டு வெளியான ஆராய்ச்சி இது.

நாய் கண்டுபிடித்தது

தண்ணீருக்குள் வெளிச்சம் வெகுதூரம் போகாது. கண் பயன்படாது. ஆனால் சத்தம் காற்றில் போவதைவிட நான்கு மடங்கு வேகமாகத் தண்ணீரில் போகும். ஆகவே திமிங்கிலத்துக்குக் காதுதான் கண். இரண்டு ரைட் திமிங்கிலங்கள் மைல் கணக்கான தூரத்தில் இருந்தபடி, அடித்தொண்டையில் "ஊப்" என்று குரல் கொடுத்துப் பேசிக்கொள்ளும்.

கப்பல் இயந்திரத்தின் சத்தமும் அதே தாழ்ந்த சுருதி! பக்கத்தில் மேளம் முழங்கும்போது எதிர்வீட்டுக்காரியோடு பேசுவதைப்போல ஆகிவிட்டது அதன் பாடு. முன்னைவிட உயர்ந்த குரலில் அவை கூப்பிடத் தொடங்கியிருப்பதைப் பழைய ஒலிப்பதிவுகளோடு ஒப்பிட்டுக் கண்டார்கள்.

ஆனால் பச்சைக் குட்டி உள்ள தாய் மட்டும் குரலை உயர்த்துவது இல்லை. பகைவன் காதில் விழுந்துவிடக் கூடாது என்று, குட்டியோடு கிசுகிசு என்று பேசுகிறது! சுறாவுக்கும் கொலைகாரத் திமிங்கிலத்துக்கும் பயந்து செய்யும் தந்திரமாக இருக்கும் என்கிறார்கள். கப்பல் சத்தத்தில் அந்தக் கிசுகிசுப்பு என்ன ஆகும்?

கப்பல் வருவது திமிங்கிலத்தின் காதில் விழாதா? விழும். ஆனால் எப்போதும் கேட்டுப் பழகிய சத்தம். அதை அது பொருட்படுத்துவது இல்லை. சரி, வேறு ஓர் அபாயச் சத்தம் கொடுத்து விரட்டலாம் என்று சில விஞ்ஞானிகள் சோதித்தார்கள். நடந்தது என்ன? சத்தம் கேட்ட திமிங்கிலங்களில் பெரும்பாலானவை மிரண்டு மேலே வந்துவிட்டன. கப்பல் அடிக்கும் மட்டத்திலேயே நின்றன! நல்லவேளை, அது வெறும் சோதனை.

2001-ம் ஆண்டு செப்டம்பர் 11-ந் தேதி நியூயார்க்கில் இரட்டைக் கோபுரம் தகர்க்கப்பட்டது உலகம் அறிந்த செய்தி. அடுத்த சில நாட்கள் கப்பல் போக்குவரத்து குறைந்தது. கனடாவின் பண்டி வளைகுடாவில் கடல் அமைதியானது. அந்த நாட்களில் சில ஆராய்ச்சிக்காரர்கள் அங்கே திமிங்கிலங்களின் சாணத்தைச் சேகரித்துக்கொண்டு இருந்தார்கள்.

சிரிக்கவேண்டாம். 50 டன் பிராணியிடம் இரத்தம் எடுக்க யாரால் முடியும்? பயத்தாலும் கவலையாலும் உடம்பில் ஊறும் பொருள்கள் சாணத்திலும் வரும். அதைச் சோதித்தால் அதன் மனநிலை தெரிந்துவிடும். இந்த வேலைக்குப் பிற்காலத்தில் நாய்களையே பழக்கினார்கள். பார்கோ என்ற நாய் படகின் முனையில் நின்று, காற்றில் மோப்பம் பிடித்து, ஒரு மைலுக்கு அப்பால் மிதக்கும் சாணத்துக்கு வழிகாட்டும்!

சோதித்துப் பார்த்தபோது ஓர் உண்மை வெளிப்பட்டது. கப்பல் சத்தம் குறைந்திருந்த அந்தச் சில நாட்களில், திமிங்கிலங்களின் உடம்பில் அந்தப் பொருள் குறைந்திருந்தது. மற்ற ஆண்டுகளில் அப்படிக் குறையவில்லை. 2012-ம் ஆண்டு இந்த முடிவை வெளியிட்டார்கள். மற்ற நாட்களில் அவை எவ்வளவு பதற்றத்தோடு வாழுகின்றன என்பது அப்போதுதான் தெரிந்தது.

ஒன்றே ஒன்று

ஒரு மீன் ஆயிரக்கணக்கில் முட்டை போடும். பாதி அழிந்தாலும் பாதி பிழைக்கும். இந்தத் திமிங்கிலம் குட்டி போடவே பத்து வயது ஆகவேண்டும். ஓர் ஆண்டு சுமக்கவேண்டும். போடுவது ஒரே ஒரு குட்டி. சுமார் ஓர் ஆண்டு பால் கொடுக்கவேண்டும். பிறகு இழந்த கொழுப்பைத் திரும்பச் சேர்க்கவேண்டும். ஆக, மூன்று ஆண்டுக்கு ஒரு குட்டி என்பதுதான் நல்ல காலத்துக் கணக்கு. இப்போது ஆறு முதல் பத்து ஆண்டு வரை இடைவெளி விழுகிறது.

நீண்ட ஆயுள் இருந்தால் இது போதும். தென்கடல்களில் வாழும் இதன் சகோதர இனத்தில் பாதிக்குப் பாதி 70 வயதைத் தாண்டுகின்றன. வட அட்லாண்டிக்கில் பாதிக்குப் பாதி 22 வயதுக்குள் முடிந்துபோகின்றன! 2024-ம் ஆண்டு வெளிவந்த கணக்கு இது.

அதே 2024-ம் ஆண்டில் மொத்தம் இருந்தவை ஏறத்தாழ 380. அவற்றில் குட்டி போடும் பெண் திமிங்கிலங்கள் சுமார் 70. மனிதரால் ஆண்டுக்கு ஒன்று செத்தால்கூட இந்த இனம் தாங்காது என்பது அமெரிக்க விஞ்ஞானிகளின் கணிப்பு.

ஆனால் 2017-ம் ஆண்டு ஒரே ஆண்டில் 17 செத்துக் கிடந்தன.

காரணம், இரை இடம் மாறிவிட்டது. 2010-ம் ஆண்டு வாக்கில் மெயின் வளைகுடாவின் நீர் சூடேறியது. அரிசி மணிப் பூச்சிகள் குறைந்தன. இரையைத் தேடித் திமிங்கிலங்கள் வடக்கே செயின்ட் லாரன்ஸ் வளைகுடாவுக்குப் போயின. அங்கே கப்பலுக்கு வேகக் கட்டுப்பாடும் இல்லை. நண்டுக் கூண்டுகளுக்குத் தடையும் இல்லை. அந்தக் குளிர்காலத்தில் ஒரு குட்டிகூடப் பிறக்கவில்லை!

அறுத்துவிட்ட மீனவர்

அந்த 2017-ம் ஆண்டு ஜூலை 10-ந் தேதி அங்கே ஒரு மனிதரும் மாண்டார்.

அவர் பெயர் ஜோ ஹவுலெட். கனடாவில் கேம்போபெல்லோ தீவைச் சேர்ந்தவர். சிங்கி இறால் பிடிக்கும் மீனவர். கயிறு போடுகிறவர்தான்! ஆனால் கயிற்றில் சிக்கிய திமிங்கிலங்களைப் படகில் போய் அறுத்துவிடும் குழுவையும் அவரே முன்னின்று நடத்தினார். அன்று ஒரு ரைட் திமிங்கிலத்தின் கயிற்றை அறுத்தார். விடுதலையான திமிங்கிலம் வாலை வீசியது. அது அவர்மீது பட்டது. அவருக்கு வயது 59.

அந்தத் திமிங்கிலத்துக்கு அவர் நண்பர் என்று எப்படித் தெரியும்?

மீனவர்களைக் குறை சொல்லிப் பயன் இல்லை. கூண்டு வைப்பதுதான் அவர்கள் பிழைப்பு. தடை போட்டால் அந்தக் குடும்பங்கள் என்ன செய்யும் என்று அவர்கள் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. அதனால் நடுவழி தேடுகிறார்கள். 1,700 பவுண்டு இழுப்புக்கு அறுந்துவிடும் கயிறு ஒன்று. வளர்ந்த திமிங்கிலம் அதை அறுத்துக்கொள்ளலாம். கயிறே இல்லாத கூண்டு இன்னொன்று. படகில் இருந்து ஒலிக்குறி கொடுத்தால், அடியில் இருந்து மிதவை தானே கிளம்பி மேலே வரும். விலைதான் அதிகம்.

கப்பல்களுக்கும் விதி வந்தது. 2008-ம் ஆண்டு முதல் அமெரிக்காவில், குறிப்பிட்ட காலத்தில், குறிப்பிட்ட கடற்பகுதிகளில், 65 அடி நீளமும் அதற்கு மேலும் உள்ள கப்பல்கள் 10 நாட் வேகத்தைத் தாண்டக் கூடாது. அதாவது மணிக்குச் சுமார் பதினொன்றரை மைல். கனடாவும் 2017-ம் ஆண்டு வேகக் கட்டுப்பாடு கொண்டுவந்தது. அடுத்த ஆண்டு கனடாக் கடலில் ஒரு ரைட் திமிங்கிலம்கூடச் செத்துக் கிடக்கவில்லை. 2019-ம் ஆண்டு மீண்டும் ஒன்பது.

65 அடிக்குக் குறைந்த படகு கொல்லாதா? 2021-ம் ஆண்டு பிப்ரவரியில் புளோரிடாக் கரையில் ஒரு பச்சைக் குட்டியை அடித்துக் கொன்ற படகின் நீளம் 54 அடி! 35 அடிப் படகு வரை விதியை நீட்டலாம் என்று 2022-ம் ஆண்டு ஒரு திட்டம் வந்தது. எதிர்ப்பு கிளம்பியது. 2025-ம் ஆண்டு ஜனவரியில் அதைக் கைவிட்டுவிட்டார்கள்.

ஸ்னோ கோன்

கயிற்றோடு குட்டி போட்ட அந்தத் தாய் என்ன ஆயிற்று?

குட்டியைக் கூட்டிக்கொண்டு வடக்கே போனது. 2022-ம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் தாயும் குட்டியும் சேர்ந்து காணப்பட்டன. ஜூலை மாதம் கனடாக் கடலில் பார்த்தபோது தாய் மட்டும் இருந்தது. பால்குடி மறக்கும் வயது அல்ல அந்தக் குட்டிக்கு.

செப்டம்பர் மாதம் 21-ந் தேதி, நான்டுக்கெட் தீவுக்குத் தெற்கே, விமானத்தில் போனவர்கள் ஸ்னோ கோனைக் கடைசியாகக் கண்டார்கள். பழைய கயிறு போதாது என்று, புதிதாக வேறு கயிறும் சுற்றியிருந்தது. தோல் வெளுத்து, உடம்பு மெலிந்து, பேன் பிடித்திருந்தது. பொழுது சாயும் நேரம். கரை தொலைவில் இருந்தது. மீட்புப் படகு போய்ச் சேர நேரம் இல்லை.

அப்போது அதற்கு வயது 17. அதன் பிறகு அதை யாரும் பார்க்கவில்லை.